முதல் அரை மணி நேரம்: சின்ன டீசல் எஞ்சினைப் பழக்குவதும் அதன் கோளாறு அறிவதும்



இந்த அரங்கில் பல ஆண்டுகளாக மாதிரி விமானம் பறக்கவிடும் பெரியவர்கள் இருக்கிறீர்கள். இயந்திரவியல் படிக்கும் மாணவர்களும் வந்திருக்கிறீர்கள். அதனால் ஒரு பாதிப் பேருக்குத் தெரிந்ததை மறுபாதிப் பேருக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய பேச்சின் பொருள் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒன்றரை சிசி கொள்ளளவுள்ள ஒரு டீசல் எஞ்சின். இதற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. குளோ பிளக் கிடையாது. பேட்டரி, காயில், மின்கம்பி எதுவும் வேண்டாம். விரலால் புரொப்பெல்லரைச் சுண்டினால் ஓடும். இப்படி ஓர் எஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுக்கிறவர்கள், எல்லா வேலையும் முடிந்த ஒரு பொருளைக் கையில் வாங்கியிருப்பதாக நினைக்கிறார்கள். அங்கேதான் பாதித் தொல்லை தொடங்குகிறது. பிஸ்டனையும் அது ஓடும் லைனரையும் ஒன்றுக்கொன்று இசையச் செய்யும் கடைசி வேலை தொழிற்சாலையில் முடிவதில்லை. அதை வாங்கியவர்தான் முடிக்க வேண்டும். முதல் அரை மணி, ஒரு மணி நேர ஓட்டத்தில் அவர் காட்டும் பொறுமையை நம்பித்தான் அந்த எஞ்சின் ஐந்து ஆண்டு ஓடுமா, ஐம்பது ஆண்டு ஓடுமா என்பது இருக்கிறது. இதை மிகையாகச் சொல்லவில்லை. 1940களிலும் 50களிலும் செய்த எஞ்சின்கள் இன்றும் வானத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை எஞ்சின் சுவிட்சர்லாந்தில் உருவாகி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்குப் பரவியது. போர் முடிந்ததும் பிரிட்டன் அதை இரு கையாலும் வாரிக்கொண்டது. 1946இல் மில்ஸ் 1.3 வந்தது. 1948இல் ஒரு சிசி அளவில் இ.டி. பீ வந்தது, பிரிட்டிஷ் சிறுவர்கள் பலருக்கு அதுதான் முதல் எஞ்சின். ஐல் ஆஃப் மேன் தீவில் டேவிஸ் சார்ல்டன் நிறுவனம், நாட்டிங்ஹாமில் ஆலிவர் டைகர், மேக்கில்ஸ்ஃபீல்டில் ஐஃப்லாண்டர் குடும்பத்தின் பி.ஏ.டபிள்யூ. என்று ஒரு கைத்தொழில் மரபே வளர்ந்தது. அமெரிக்கா வேறு வழியில் போனது. 1947இல் ரே ஆர்டன் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அங்கே டீசல் வேரூன்றவில்லை. சோவியத் நாட்டில் ஒன்றரை சிசி எம்.கே. 17 எஞ்சின் ஏராளமாகச் செய்யப்பட்டது. இந்தியாவிலும் மில்ஸ் .75ஐ மாதிரியாக வைத்துச் செய்த எஞ்சின்கள் வெளிவந்து, வெளிநாட்டு ஆர்வலர்கள் கைக்கும் போயின. கயிற்றுக் கட்டுப்பாட்டு விமானங்களின் குழுப் பந்தயமான எஃப்2சி பிரிவில் இன்றும் டீசல்தான் அரசு செலுத்துகிறது. ஏழு மி.லி. மட்டுமே கொள்ளும் தொட்டியோடு, இடையிடையே இறங்கி நிரப்பிக்கொண்டு, நூறு சுற்றில் பத்து கிலோமீட்டர் பறப்பார்கள். எரிபொருளைச் சிக்கனமாகக் குடிப்பதில் டீசலுக்கு இணை இல்லை.

இனி எஞ்சினுக்குள் போவோம். லாரி டீசலில் வெறும் காற்றை அழுத்திச் சூடாக்கி, கடைசி நொடியில் எரிபொருளைப் பீய்ச்சுவார்கள். நம் எஞ்சினில் பீய்ச்சும் பம்ப் கிடையாது. காற்று உள்ளே வரும் குழாயின் குறுக்கே ஸ்ப்ரே பார் என்னும் சிறு குழல் இருக்கிறது. அதிலிருந்து எரிபொருள் காற்றோடு கலந்தே கிராங்க்கேஸுக்குள் நுழைகிறது. அந்தக் கலவையைத்தான் பிஸ்டன் அழுத்துகிறது. எப்போது பற்ற வேண்டும் என்று சொல்ல ஒரு பொறி இல்லை. அழுத்தத்தால் ஏறும் சூடுதான் அதைத் தீர்மானிக்கிறது.

ஏறக்குறைய 16 மடங்கு அழுத்தத்தில், வெப்பம் துளியும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி உள்ளே 500 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். உண்மையில் அவ்வளவு ஏறாது. சிலிண்டர் சின்னது. உள்ளே இருக்கும் வாயு மிகக் கொஞ்சம், அதைச் சூழ்ந்த உலோகச் சுவரோ அதோடு ஒப்பிட மிக அதிகம். சுவர் வெப்பத்தை உறிஞ்சிவிடுகிறது. அதிலும் விரலால் சுண்டும்போது வேகம் குறைவு. வெப்பம் தப்பிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றினால் கை வலிக்கும் வரை சுண்டலாம், ஓடாது. அதனால்தான் ஈதர். டைஎத்தில் ஈதர் ஏறத்தாழ 160, 170 டிகிரியிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். அது பற்றி மண்ணெண்ணெயையும் பற்றவைக்கிறது. உழைப்புக்குச் சக்தி தருவது பெரும்பாலும் மண்ணெண்ணெய். உராய்வைத் தாங்குவது விளக்கெண்ணெய்.

பழைய கணக்கு எளிமையானது: ஈதர் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு. பழகிய எஞ்சினுக்கு எண்ணெயைக் கால் பங்கு வரை குறைக்கலாம். புது எஞ்சினுக்குக் குறைக்கவே கூடாது. வேகமாக ஓட்டுகிறவர்கள் ஐசோபுரொப்பைல் நைட்ரேட்டை நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு சேர்ப்பார்கள். அது பற்றுதலைச் சீராக்கும். அளவுக்கு மேல் போனால் எஞ்சின் முரட்டுத்தனமாக ஓடிச் சூடேறும். பழக்கும் காலத்தில் அது இல்லாமலே ஓட்டலாம் என்பது என் கருத்து.

விளக்கெண்ணெய்க்கு மாற்றாகச் செயற்கை எண்ணெய் போதாதா என்று மாணவர்கள் கேட்பீர்கள். வார்ப்பிரும்பு பிஸ்டனுக்குப் போதாது. ஆமணக்கு எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் ரிசினோலிக் அமிலம். அதன் மூலக்கூறு உலோகத்தின் மேல் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் தன்மை உடையது. சூட்டில் மற்ற எண்ணெய்கள் ஆவியாகிக் கைவிட்டுப் போகும் இடத்தில் இது கெட்டியாகி ஒரு படலமாக நின்று காக்கும். எரிபொருள் குறைந்து எஞ்சின் சூடாகும் அந்தச் சில விநாடிகளில் உயிரைக் காப்பாற்றுவது இதுதான். மணம் சேர்த்த தலைக்கு வைக்கும் எண்ணெய் வேண்டாம். கலப்படமில்லாத, தெளிந்த எண்ணெய் வேண்டும்.

ஈதரைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது 34.6 டிகிரியில் கொதிக்கும். இங்கிலாந்தில் எழுதிய கையேடுகள் குளிர்ந்த காலைப்பொழுதை மனத்தில் வைத்து எழுதியவை. சென்னையில் சித்திரை வெயில் அந்தக் கொதிநிலையைத் தாண்டிப் போகிறது. மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று சத்தம் வந்தால் போய்க்கொண்டிருப்பது ஈதர். அரை மணி திறந்து கிடந்த கலவையில் எஞ்சின் கிளம்பாது. எஞ்சினைத் திட்டிப் பயனில்லை. ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் தாமாகச் சரிவரக் கலப்பதில்லை. அவற்றைச் சேர்த்துவைப்பதே ஈதர்தான். தெளிவாக இருந்த கலவை மங்கிப்போனாலோ அடுக்காகப் பிரிந்தாலோ, ஈதர் போய்விட்டது என்று முடிவு கட்டலாம். விடியற்காலையில் ஓட்டுங்கள். புட்டியை நிழலில், ஈரத்துணி சுற்றி வையுங்கள். அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவில் இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். மூடிய அறையில் கலக்கவே கூடாது. வெளிச்சத்திலும் காற்றிலும் நெடுநாள் கிடந்த பழைய ஈதரில் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகள் உருவாகும். தேவைக்கு மட்டும் வாங்கி, நிறமுள்ள புட்டியில் வைத்து, விரைவில் தீர்த்துவிடுவதே நல்லது.

அடுத்து, இந்த எஞ்சினின் தனிச் சிறப்பான உறுப்பு. சிலிண்டரின் உச்சியில், லைனருக்குள்ளேயே, தலைகீழாக ஒரு குட்டி பிஸ்டன் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அதுதான் கான்ட்ரா பிஸ்டன். அதன் முதுகில் ஒரு திருகு. திருகை முறுக்கினால் அது கீழே இறங்கும், கம்ப்ரஷன் என்று நாம் சொல்லும் அழுத்தம் கூடும், கலவை முன்னதாகவே பற்றும். தளர்த்தினால் உள்ளிருந்து வரும் வெடிப்பின் விசையே அதை மேலே தள்ளும். ஸ்ப்ரே பாரில் உள்ள நீடில் என்னும் ஊசித் திருகைத் திருப்பி எரிபொருளின் அளவை மாற்றுகிறோம். மேல் திருகால் பற்றும் நேரத்தை மாற்றுகிறோம். இந்த இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதுதான் புதியவர்களைத் திணறடிக்கிறது.

இப்போது பழக்குதலுக்கு வருகிறேன். நம் மெக்கானிக்குகள் ரன்னிங் இன் என்று சொல்வார்களே, அது. கார் எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றி ரிங் இருக்கும். சற்று இடைவெளி இருந்தாலும் ரிங் அதை அடைக்கும். நம் எஞ்சினில் ரிங் இல்லை. வார்ப்பிரும்பு பிஸ்டனும் எஃகு லைனரும் ஜோடியாக உரசித் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இடைவெளி மைக்ரான் கணக்கில் இருக்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.

ஒரு கணக்குப் போடுவோம். பிஸ்டனின் விட்டம் 12 மி.மீ. என்று கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் 11 பங்கு விரியும். வெளியே விசிறிக் காற்றுப் படும் லைனரைவிட, உள்ளே தீயோடு நிற்கும் பிஸ்டன் 50 டிகிரி கூடுதல் சூடாகிறது என்று வைப்போம். அப்போது பிஸ்டன் லைனரைவிட ஆறு, ஏழு மைக்ரான் அதிகமாக விரிந்திருக்கும். இருக்கும் இடைவெளியே அவ்வளவு இல்லை. புது எஞ்சின் நன்றாகக் கிளம்பி, இருபது விநாடி பாடிவிட்டு, சுருதி இறங்கி, இறுகி நின்றுபோவதன் காரணம் இதுதான். அந்த நிலையில் ஓட விட்டால் சூடு கூடும், விரிவு கூடும், உராய்வு கூடும், மீண்டும் சூடு கூடும். கடைசியில் சீஸ் ஆகிவிடும். பிஸ்டனில் நெடுக்குக் கோடு விழுந்துவிட்டால் அந்த ஜோடி போனது போனதுதான்.

பழக்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. எந்திரத்தில் தேய்த்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் மிச்சமிருக்கும். அவை ஓடும் வேகத்தில், ஓடும் சூட்டில், எண்ணெய் நடுவே மெல்லத் தேய்கின்றன. இன்னொன்று, வார்ப்பிரும்பு முதல் சில தடவை சூடேறி ஆறும்போது கொஞ்சம் உருவம் மாறி, பிறகே நிலைப்படுகிறது. இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஓட்டம் எவ்வளவு முக்கியமோ, இடையில் முழுக்க ஆறுவது அவ்வளவு முக்கியம். கையால் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும்.

எஞ்சினை விமானத்தில் பூட்டாமல் முதலில் பெஞ்சில் ஓட்டுங்கள். கெட்டியான இரு மரக்கட்டைகளுக்கு நடுவில் அதன் காதுகளை போல்ட் போட்டு இறுக்குங்கள். கிராங்க்கேஸை நேராக வைஸில் கடிக்க விடுவது பெருங்கேடு. அலுமினிய உடல் நசுங்கி, பேரிங் கோணிவிடும். தொட்டியின் எரிபொருள் மட்டம் ஸ்ப்ரே பாருக்குச் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். ஒன்றரை சிசிக்குப் பறக்கும்போது எட்டு அங்குல விட்டம், நான்கு அங்குலப் பிட்ச் போடுவோம் என்றால், பழக்குவதற்கு ஒன்பது அங்குலம் போடுங்கள். வேகம் மட்டுப்படும், காற்றும் நிறைய அடிக்கும். ஓட்டும் முன் எக்ஸாஸ்ட் வழியாக இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். உலர்ந்த எஞ்சினை ஒரு சுற்றுக்கூடச் சுற்ற வேண்டாம். புது எஞ்சினில் பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது சற்றுப் பிடிக்கும். அது குறையன்று, லைனர் மேல்பக்கம் மயிரிழை ஒடுங்கும்படிதான் செய்திருப்பார்கள்.

முதல் ஓட்டங்களில் நீடிலைத் தாராளமாகத் திறந்து வையுங்கள். கம்ப்ரஷனை, ஓட்டம் நிற்காத அளவுக்கு மட்டும் வையுங்கள். புகை தள்ளி, எண்ணெய் துப்பி, அங்கங்கே மிஸ்ஸிங் அடித்துக்கொண்டு சோம்பலாக ஓடும். ஓரிரு நிமிடம் போதும். நிறுத்தி ஆற விடுங்கள். சில ஓட்டங்களுக்குப் பிறகு, ஒவ்வோர் ஓட்டத்தின் கடைசியிலும் நீடிலை மெல்ல மூடி, முழுச் சத்தத்துக்குப் பக்கமாகக் கொண்டுபோய் ஐந்து விநாடி வைத்துவிட்டு, உடனே மறுபடி திறந்துவிடுங்கள். அந்த ஐந்தைப் பத்தாக்குங்கள், பத்தை இருபதாக்குங்கள். கடைசிவரை குளிரக் குளிரவே ஓட்டினால் பிஸ்டன் தன் உண்மையான வேலைச் சூட்டைப் பார்ப்பதே இல்லை. அந்தச் சூட்டில் அது எடுக்கும் உருவத்துக்கு லைனர் இசைவதும் இல்லை. நிறுத்துவதற்கு எரிபொருள் குழாயைக் கிள்ளுவது பலருடைய வழக்கம். பழக்கும்போது அதைச் செய்யாதீர்கள். குழாயில் மிச்சமிருப்பது தீரும்வரை கலவை மெலிந்து, எஞ்சின் மிகச் சூடான நிலையில் எண்ணெயில்லாமல் ஓடி நிற்கும். கம்ப்ரஷனைத் தளர்த்தி நிறுத்துங்கள்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஜோடிக்கு ஜோடி மாறும். சிலவற்றுக்கு அரை மணி, சிலவற்றுக்கு ஒரு மணிக்கும் மேல். கடிகாரத்தைவிட எஞ்சினே நல்ல சாட்சி. முதலில் வெளிவரும் எண்ணெய் கறுப்பாக இருக்கும். தேய்ந்த இரும்புத் துகள் அது. போகப்போகத் தெளிந்து, தேன் நிறத்துக்கு வரும். இன்னொரு சோதனை: முழு வேகத்தில் ஓடிய எஞ்சினை நிறுத்திய உடனே விரலால் சுற்றிப் பாருங்கள். குளிர்ந்திருந்தபோது எவ்வளவு இலகுவாகச் சுற்றியதோ அதே இலகு சூட்டிலும் இருந்தால் ஜோடி இசைந்துவிட்டது. இறுக்கம் தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி.

குறுக்கு வழிகள் சொல்வார்கள். பாத்திரம் துலக்கும் பாலிஷைக் காற்றுக் குழாயில் விட்டு ஓட்டு என்பார்கள். டிரில் மெஷினில் மாட்டிச் சுற்று என்பார்கள். முதலாவது எஞ்சினைக் கொல்லும் வழி. அரைக்கும் துகள் பிஸ்டனோடு நிற்காது. பேரிங்கிலும் கனெக்டிங் ராடிலும் பதிந்து ஆயுள் முழுக்க அரைத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவதில் தேய்வு உண்டு, சூடு இல்லை, ஆகவே பயனில்லை. நான் சொன்ன முறை இரும்பு பிஸ்டன், எஃகு லைனர் ஜோடிக்கு. குரோமியம் பூசிய பித்தளை லைனரும் அலுமினிய பிஸ்டனும் கொண்ட புதுவகை எஞ்சின்களில் லைனரே சூட்டில் விரிந்து வழிவிடும். அவற்றைக் குளிர்ச்சியாக நெடுநேரம் ஓட்டினால்தான் கெடும். உங்களிடம் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளப்பும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றுக் குழாயை விரலால் மூடி இரண்டு மூன்று சுற்று சுற்றினால் எரிபொருள் ஸ்ப்ரே பார் வரை வந்துவிடும். எக்ஸாஸ்ட் வழியாகப் பிஸ்டன் மேல் ஓரிரு சொட்டு விடுங்கள். பிறகு விறுவிறுப்பாகச் சுண்டுங்கள். விரலில் முரட்டு அடி விழுந்தால் கம்ப்ரஷன் அதிகம், அல்லது உள்ளே எரிபொருள் அதிகம். கிளம்பியபின் அரை நிமிடத்தில் எஞ்சின் சூடேறும். குளிரில் தேவைப்பட்ட கம்ப்ரஷன் இப்போது மிகையாகிவிடும். எட்டில் ஒரு சுற்று, கால் சுற்று தளர்த்துங்கள். இந்தச் சின்ன வேலையை மறந்துவிட்டு எஞ்சின் சுடுகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. மில்ஸ் போலக் காற்று வழியைப் பிஸ்டனே திறந்து மூடும் எஞ்சின்கள் எந்தப் பக்கமும் ஒரே உற்சாகத்தோடு ஓடும். காற்று எஞ்சினுக்குப் பின்பக்கம் போகாமல் முன்பக்கம் வீசினால் அது தலைகீழாகச் சுற்றுகிறது என்று அறிந்து, நிறுத்தித் திரும்பக் கிளப்புங்கள்.

இனிக் கோளாறுகள். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். ஒரு கைதேர்ந்த வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, விரலும் காதும் எக்ஸாஸ்டில் வழியும் எண்ணெயும் சேர்ந்து பெரும்பாலானதைச் சொல்லிவிடும். ஸ்பேனரை எடுக்க வேண்டிய தேவை அபூர்வம். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் தொடுங்கள், அதையும் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். இரண்டையும் சேர்த்துத் திருப்பியவருக்கு எது பலன் தந்தது என்று தெரியாது.

விட்டுவிட்டு வெடித்து, வெண்புகை தள்ளினால் கம்ப்ரஷன் போதவில்லை. மெல்ல முறுக்க முறுக்கச் சத்தம் ஒன்றுசேரும். தாளம் தவறாமல், ஆனால் மந்தமாக ஓடி எரியாத எண்ணெயைத் துப்பினால் கலவை செறிவு, நீடிலை மூடுங்கள். இந்த இரண்டும் எளிது. கடினமானது, வேகம் ஏறிப் பின் சோர்ந்து இறங்கும் நிலை. கம்ப்ரஷன் அதிகமானாலும் அப்படித்தான் இறங்கும். கலவை மெலிந்தாலும் அப்படித்தான் இறங்கும். இரண்டிலும் சூடேறும். பிரித்தறிய ஒரு வழி: கம்ப்ரஷனை எட்டில் ஒரு சுற்று தளர்த்துங்கள். வேகம் மீண்டால் குற்றவாளி கம்ப்ரஷன். வேகம் மீளாமல் மிஸ்ஸிங் தொடங்கினால் பற்றும் நேரம் சரியாகவே இருந்தது, எரிபொருள்தான் போதவில்லை. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நீடிலைத் திறவுங்கள். கம்ப்ரஷன் மிகுந்த எஞ்சின் கடகடவென்று கட்டைக்குரலில் உழைக்கும், எண்ணெய் கறுத்து வரும். மெலிந்த கலவையின் சத்தம் கூர்மையாகி, திடீரென்று அறுந்துபோகும்.

சரியான இடத்தைப் பிடிப்பதும் இதே வழிதான். நீடிலைக் கொஞ்சம் மூடு, மிஸ்ஸிங் வந்தால் கம்ப்ரஷனைக் கொஞ்சம் ஏற்று. வேகம் இனி ஏறாது என்ற இடத்தில் கம்ப்ரஷனை மிஸ்ஸிங் தொடங்கும்வரை இறக்கி, அது மறையும் அளவுக்கு மட்டும் திரும்ப ஏற்று. குறைந்த கம்ப்ரஷனில் முழு வேகம் கிடைக்கும் இடமே எஞ்சினுக்கு நல்லது. சின்ன புரொப்பெல்லர் போட்டு வேகத்தைக் கூட்டினால் எரிவதற்குக் கிடைக்கும் நேரம் குறையும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு மில்லி விநாடிதான். ஆகவே முன்னதாகப் பற்ற வேண்டும், கம்ப்ரஷனைச் சற்று ஏற்ற வேண்டும். புரொப்பெல்லரை மாற்றிவிட்டுத் திருகைத் தொடாமல் ஓட்டிப் பார்த்து, எஞ்சின் கெட்டுவிட்டது என்று சொல்லக்கூடாது.

விட்ட சொட்டில் மட்டும் சில விநாடி ஓடி நின்றால், எரிபொருள் வந்து சேரவில்லை. ஸ்ப்ரே பாரில் தூசி, தாழ்ந்த தொட்டி, குழாயில் ஊசித்துளை இவற்றில் ஒன்று. ஒளிபுகும் குழாய் போட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் கிறுக்குத்தனமாகவும் ஓடும் எஞ்சினில் நான் முதலில் பார்ப்பது நீடிலின் மரையை. அது தேய்ந்திருந்தால் அந்த வழியே காற்று புகும். நீடிலை எவ்வளவு திருப்பினாலும் நிலைக்காது. மரையின் மேல் ஒரு துண்டு சிலிக்கான் குழாயைப் போர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடுத்து மவுண்டிங் போல்ட். அது தளர்ந்து அதிர்ந்தால் தொட்டியில் எரிபொருள் நுரைக்கும், நுரை குழாயில் போகும், சத்தம் தடுமாறும்.

குளிரில் ஒரே சுண்டில் கிளம்பி, சூடாக நின்றபின் எவ்வளவு சுண்டினாலும் கிளம்பாத எஞ்சின் ஒன்று உண்டு. அங்கே தேய்மானம்தான் நோய். குளிர்ந்த விளக்கெண்ணெய் கெட்டியாக இருந்து இடைவெளியை அடைத்துக் காப்பாற்றுகிறது. சூட்டில் இளகி விட்டுவிடுகிறது. எக்ஸாஸ்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் அழுத்தம் திரும்பினால் பிஸ்டன் ஜோடி தேய்ந்துவிட்டது. பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் அதைக் குளிரில் மட்டும் சுண்டிப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். புரொப்பெல்லரை உச்சிக்குப் பக்கமாக நிறுத்தி இப்படியும் அப்படியும் அசைத்தால் ராடில் உள்ள பிளே விரலில் தட்டும். முன்பக்க பேரிங் வழியாக எண்ணெய் தாராளமாகப் பீறிட்டால் அங்கேயும் தேய்மானம். கிராங்க்கேஸ் அழுத்தம் அந்த வழியே வீணாகிறது.

கான்ட்ரா பிஸ்டன் தரும் தொல்லை இரண்டு வகை. இளகிப்போனால் ஓட்டத்தின் நடுவே அழுத்தம் தானாகக் குறையும். இறுகிவிட்டால் திருகைத் தளர்த்தினாலும் கீழேயே நிற்கும். திருகு கையில் இலகுவாகச் சுழல்கிறது, ஆனால் எஞ்சின் கடுமையாக உதைக்கிறது என்றால் இதுதான். அப்போது சுண்டிக்கொண்டே இருக்காதீர்கள். சிலிண்டர் தலையைச் சூடாக்கி, எரிபொருள் சொட்டாமல், மெல்லச் சுற்றிப் பாருங்கள். பெரும்பாலும் டக்கென்று ஏறிவிடும்.

ஒன்றை மட்டும் சத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சுற்றும்போது உச்சியில் கல்லைப்போல நின்றால், நிறுத்துங்கள். உள்ளே திரவம் நிரம்பியிருக்கிறது. பிஸ்டனுக்கும் கான்ட்ரா பிஸ்டனுக்கும் நடுவில் கடைசியில் மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடம், திரவம் அமுங்காது, உங்கள் பலம் முழுவதும் கனெக்டிங் ராடின் மேல் இறங்கும். அது வளைந்தபின் எந்தச் சரிசெய்தலும் உதவாது. கம்ப்ரஷனை இரண்டு சுற்று தளர்த்தி, எஞ்சினைக் கவிழ்த்து, எக்ஸாஸ்டில் ஊதி வடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தாத்தா பெட்டியில் முப்பது ஆண்டு கிடந்து இறுகிய எஞ்சினை யாராவது கொண்டுவருவார்கள். பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் துரு இல்லை, பிசினாகிப்போன விளக்கெண்ணெய். ஓரிரு நாள் ஸ்பிரிட்டிலோ மண்ணெண்ணெயிலோ ஊற வையுங்கள். ஸ்பிரிட்டையும் எரிபொருளையும் அப்புறப்படுத்திவிட்டு, துடைத்து உலர்த்தி, சூடான காற்றைக் காட்டுங்கள், பிசின் இளகும். அப்போது புரொப்பெல்லரைப் பூட்டி இரு பக்கமும் சிறிது சிறிதாக அசையுங்கள். கிராங்க் தண்டை இடுக்கியால் பிடிப்பதும், பிஸ்டனை நிறுத்த எக்ஸாஸ்ட் துளையில் திருப்புளியைச் செருகுவதும் கூடவே கூடாது. சுழலத் தொடங்கிவிட்டால் பிரிக்கவே வேண்டாம். பிரித்த ஜோடி அதே இடத்தில் திரும்ப உட்காரும் என்பதற்கு உறுதி இல்லை. புது எஞ்சினைப் போலவே, முதல் சில ஓட்டங்களைத் தாராளமான எண்ணெயோடு கொடுங்கள். பிறகு ஒவ்வொரு நாள் ஓட்டமும் முடிந்ததும் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, பிஸ்டன் உச்சியில் பிடிக்காத நிலையில் நிறுத்தி, துணியில் சுற்றி வையுங்கள்.

வெளியே மரத்தடியில் ஒரு புது ஒன்றரை சிசி எஞ்சினைப் பெஞ்சில் பூட்டி வைத்திருக்கிறேன். அதன் முதல் ஓட்டத்தை உங்கள் முன்னிலையில் செய்யலாம் என்று நினைக்கிறேன். புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராக எந்தப் பக்கமும் யாரும் நிற்க வேண்டாம். எனக்குப் பின்னால் வாருங்கள். துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு, தொங்கும் சட்டைக் கை எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதைவிடக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் மிஸ்ஸிங் அடிக்கும். நான் எந்தத் திருகைத் தொடுகிறேன் என்று நீங்களே சொல்லுங்கள்.